சைபர்னு எழுதி கையெழுத்து போடலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கத்துல நண்டு கம்பெனி நடத்துற குடும்பத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க, பேரு போடாதீங்கன்னு கேட்டதால போடல. விஷயம் இதுதான். அப்பா அம்மா ரெண்டு பேரும் டைரக்டர், பிரைவேட் லிமிடெட், எழுபது பொம்பளைங்க உக்காந்து அவிச்ச நண்டுல சதை எடுக்குறாங்க, சரக்குல முக்கால்வாசி சென்னையில ஒரே பார்ட்டிக்கு போகுது, அந்த பார்ட்டி ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆன பெரிய கம்பெனி. போன மாசம் அங்க இருந்து 112 கேள்வியோட ஒரு எக்செல் ஷீட் வந்திருக்கு. காத்துல கலக்குற கார்பன் கணக்குல ஸ்கோப் 1 எவ்வளவு, ஸ்கோப் 2 எவ்வளவு, ஸ்கோப் 3 எவ்வளவு, போர்டு ஒப்புதல் குடுத்த க்ளைமேட் பாலிசி இருக்கா, பொல்யூஷன் போர்டு நோட்டீஸ் ஏதும் வந்துச்சா, பருவநிலை மாற்றத்தால உங்க தொழிலுக்கு என்ன ஆபத்து, இப்படியே போகுது. கடைசி பக்கத்துல "மேலே சொன்னதெல்லாம் உண்மை, தப்பா இருந்தா வர்ற எல்லா நஷ்டத்துக்கும் நாங்களே பொறுப்பு"ன்னு டைரக்டர் கையெழுத்து போடணும். மெயில்ல "செபி சட்டப்படி கட்டாயம், 20 ஆம் தேதிக்குள்ள அனுப்பவும்"னு இருக்கு, செபின்னா ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற அரசு அமைப்பு.

கணக்குப்பிள்ளை சொல்றாராம், தெரியாததுக்கெல்லாம் சைபர் போட்டு அனுப்பிருவோம், யாரு வந்து பாக்கப் போறான்னு. மதுரையில ஒரு கன்சல்டன்ட் 1,20,000 ரூபா குடுத்தா பாலிசி, போர்டு தீர்மானம் எல்லாம் ரெடிமேடா தர்றேன்னு சொல்றாராம். அப்பாவோ ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பொல்யூஷன் போர்டுல இருந்து வந்த நோட்டீஸை பத்தி பேசவே வேணாங்குறாராம். "அண்ணே, இது நெசமாவே கட்டாயமா, சைபர் போட்டா தப்பா, அப்பாவுக்கு ஏதும் பிரச்சினை வருமா"ன்னு கேக்குறாங்க.

தங்கச்சி, முதல்ல அந்த கடைசி பக்கத்துல அப்பா இன்னும் கையெழுத்து போடலைல்ல? போடல்லன்னா நல்லது, பேனாவை கொஞ்ச நாள் ஒளிச்சு வைங்க.

கட்டாயமான்னு கேட்டீங்க. அந்த மெயில்ல எழுதியிருக்குறது பாதி தான் உண்மை. செபி கேக்குற அந்த ரிப்போர்ட்டுக்கு பி.ஆர்.எஸ்.ஆர்.னு பேரு, கம்பெனி சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் எப்படி பொறுப்பா நடந்துக்குதுன்னு சொல்ற ரிப்போர்ட், 2021 மே மாசம் கொண்டு வந்தாங்க, சந்தை மதிப்புல முதல் 1000 இடத்துல இருக்குற லிஸ்டட் கம்பெனிகளுக்கு 2022-23 நிதியாண்டுல இருந்து கட்டாயம். 2023 ஜூலையில அதுல முக்கியமான எண்களை மட்டும் தனியா பிரிச்சு, பி.ஆர்.எஸ்.ஆர். கோர்னு பேரு வச்சு, அதை வெளியாள் ஒருத்தர் சரி பாக்கணும்னு முதல் 150 கம்பெனில ஆரம்பிச்சு படிப்படியா ஏத்திட்டு வர்றாங்க. இது எல்லாமே உங்க பார்ட்டி தலையில விழுறது, உங்க தலையில இல்ல. நீங்க செபிக்கு ஒரு காயிதம் கூட அனுப்ப வேண்டியதில்ல. சரி அப்ப உங்கள ஏன் கேக்குறாங்கன்னா, பெரிய கம்பெனி யார்கிட்ட சரக்கு வாங்குது, யாருக்கு விக்குதுங்குற சங்கிலியோட கணக்கையும் சொல்லணும்னு செபி ஒரு அங்கம் வச்சுச்சு. முதல் 250 கம்பெனிக்கு அது, அதுவும் கொள்முதல்லயோ விற்பனையிலயோ 2 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்குற பார்ட்டிய பத்தி மட்டும். ஆனா 2025 மார்ச் 28 ஆம் தேதி சர்க்குலர்ல அந்த சங்கிலி கணக்கை விருப்பப்பட்டா குடுக்கலாம்னு மாத்திட்டாங்க, 2025-26ல இருந்து. அதனால "சட்டப்படி கட்டாயம்"னு உங்கள பயமுறுத்துறது சரியில்ல. நாம அவங்க கொள்முதல்ல 2 சதவீதத்துக்கு மேல வர்றமான்னு ஒரு வரி மெயில் போட்டு கேளுங்க, பதில் எழுதுறவரே ஒரு நிமிஷம் யோசிப்பாரு.

அதுக்காக ஷீட்ட தூக்கி குப்பையில போட்டுறாதீங்க. சட்டம் கேக்கலன்னாலும் சரக்கு வாங்குறவன் கேக்குறான், முக்கால்வாசி வியாபாரம் அங்க தான் இருக்கு, பதில் குடுக்காம முடியாது. அவன பிடிச்சு அமெரிக்காவுல நண்டு வாங்குறவன் கேக்குறான். அங்கயும் கதை ஒரே குழப்பம் தான், எஸ்.இ.சி.ங்குற அந்த ஊரு செபி 2024 மார்ச்ல க்ளைமேட் விதி ஒன்னு கொண்டு வந்து, அடுத்த மாசமே கேஸ்ல அதை நிறுத்தி வச்சு, 2025 மார்ச்ல இந்த விதிக்காக நாங்க கோர்ட்ல வாதாடலன்னு கைய விரிச்சுட்டாங்க, ஆனா கலிஃபோர்னியா தனியா சட்டம் போட்டு வச்சிருக்கு. அவ்வளவு தூரம் நமக்கு வேணாம். கன்சல்டன்ட் "ஐரோப்பா கார்பன் வரி"ன்னு ஏதாச்சும் பயம் காட்டியிருந்தா அதையும் விட்டுருங்க, அது இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரத்துக்கு தான், நண்டுக்கு இல்ல.

இப்ப சைபர் விஷயம். இங்க தான் எனக்கு கொஞ்சம் கோவமே வருது, உங்க கணக்குப்பிள்ளை மேல இல்ல, அந்த பழக்கத்து மேல. சைபர்னா "ஒன்னும் இல்ல"ன்னு நீங்க உறுதி சொல்றீங்க. அளக்கலன்னா "அளக்கல". ரெண்டும் ஒன்னு இல்ல. 1872 ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்த சட்டத்துல 18 ஆவது பிரிவ யாரும் படிக்க மாட்டாங்க, ஆனா அது நமக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். ஒரு விஷயத்த, அதை சொல்றதுக்கான தகவல் கையில இல்லாம, உறுதியா சொல்லி, அது தப்பா போச்சுன்னா, சொன்னவன் அதை உண்மைன்னே நம்பியிருந்தாலும் அது தவறான கூற்று தான். "எங்களுக்கு தெரியாதுங்க"ன்னு அப்புறம் சொன்னா செல்லாது, ஏன்னா தெரியாதுன்னு அப்பவே எழுதியிருக்கலாம்ல. 19 ஆவது பிரிவுப்படி அந்த பார்ட்டி ஒப்பந்தத்தையே ரத்து பண்ண வழி இருக்கு, அது போக கடைசி பக்கத்துல "எல்லா நஷ்டத்துக்கும் பொறுப்பு"ன்னு வேற கையெழுத்து. அவங்க நாளைக்கு உங்க சைபர நம்பி டப்பா மேல "கார்பன் இல்லாத நண்டு"ன்னு அடிச்சு வித்தா? 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி பசுமை பீத்தலுக்குன்னே வழிகாட்டி விதி போட்டுருக்கு, தப்பான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரைக்கும் அபராதம். அபராதம் அவங்க மேல விழும், அவங்க அந்த கடைசி பக்கத்த எடுத்துக்கிட்டு உங்ககிட்ட வருவாங்க.

நான் இத புத்தகத்த பாத்து சொல்லல. பல வருஷத்துக்கு முன்னாடி தொண்டி பக்கம் ஒரு இறால் பண்ணைக்காரர், வாங்குற கம்பெனி ஒரு படிவம் அனுப்புச்சு, "எங்க நிலம் எதுவும் கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள்ள இல்ல"ன்னு ஒரு வரி. அவரு என்கிட்ட வந்து "என்ன தம்பி பண்ண"ன்னாரு, நான் அப்ப புதுசு, "போடுங்கண்ணே, பாத்துக்கலாம்"னேன். நாலு மாசம் கழிச்சு ஒரு ஆடிட் பொண்ணு வந்து, வரப்புல நின்னுக்கிட்டு போன்ல மேப்ப திறந்து, ஓடைக்கும் குளத்துக்கும் நடுவுல விரல வச்சு தூரத்த காட்டுச்சு. அவ்வளவு தான், ஆர்டர் போச்சு. இத்தனைக்கும் அவரு கோஸ்டல் அக்வாகல்ச்சர் அத்தாரிட்டில முறையா பதிவு பண்ணவரு, இறால் பண்ணைங்கள பத்தின 1996 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் 2005ல வந்த சட்டப்படி எல்லாம் கையில வச்சிருந்தாரு, "ரெண்டு குளம் எல்லைக்குள்ள வருது, பதிவு நம்பர் இது"ன்னு எழுதியிருந்தா பிரச்சினையே இல்ல. அந்த "பாத்துக்கலாம்" இன்னும் எனக்கு உறுத்துது.

சரி, எண்ணுக்கு வருவோம். பயப்படாதீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை வேலை தான். உங்க எடத்துல நீங்களே எரிக்கிறது, கசிய விடுறது ஸ்கோப் 1, கரண்ட் பில் ஸ்கோப் 2, உங்களுக்காக மத்தவங்க எரிக்கிறது ஸ்கோப் 3. இ.பி. பில்ல 12 மாசத்துக்கு எடுங்க. மாசம் 12,000 யூனிட்னு எழுதியிருக்கீங்க, அப்ப வருஷத்துக்கு 1,44,000, நம்ம நாட்டு கிரிட்ல யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்கு கொஞ்சம் மேல கார்பன் டை ஆக்சைடு வருது, மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் அந்த எண்ண வெளியிடுது, அவங்களோட கடைசி எண்ண எடுத்து போடுங்க, நூறு டன்னுக்கு கொஞ்சம் மேல வரும். ஜெனரேட்டர் டீசலும் உங்க குட்டியானை வண்டி டீசலும் சேத்து வருஷம் 5,000 லிட்டர்னா லிட்டருக்கு 2.68 கிலோ, 13 டன் சொச்சம். நண்டு அவிக்கிற அடுப்புக்கு கேஸோ விறகோ எரிச்சா அதையும் எழுதுங்க.

இதுவரைக்கும் எல்லாரும் போடுவாங்க. விட்டுப்போறது எதுன்னா கூலர்ல, ப்ரீசர்ல மெக்கானிக் வந்து அடிச்சுட்டு போற கேஸ். போன வருஷம் மூணு தடவ கேஸ் அடிச்சதா எழுதியிருந்தீங்கள்ல, உப்புக்காத்துல பைப்பு அரிச்சு கசியுது, நம்ம கடற்கரையில எல்லா ஐஸ் கம்பெனியிலயும் இதே கதை தான். அந்த பில்ல தேடுங்க, சிலிண்டர் மேல என்ன கேஸ்னு எழுதியிருக்கும். ஆர்-404ஏன்னா ஒரு கிலோ கசிஞ்சா கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட 3,900 கிலோவுக்கு சமம். மூணு தடவைக்கும் சேத்து 15 கிலோ அடிச்சிருந்தா 58 டன்னுக்கு மேல. பாத்தீங்களா, வருஷம் பூரா ஓட்டுன டீசல விட நாலு மடங்கு அதிகம், ஒரு மெக்கானிக் பில்லுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கு, கணக்குப்பிள்ளை அதுக்கு தான் சைபர் போட சொல்றாரு. பழைய மெஷின்ல ஆர்-22 இருந்தா அதை ஸ்கோப்புக்குள்ள சேக்காம தனியா ஒரு வரியில காட்டணும், அம்மோனியா மெஷின்னா அந்த கேஸுக்கு சைபர் போடலாம், அது வெப்பம் பிடிக்கிற கேஸ் இல்ல. அங்க மட்டும் சைபர் உண்மையான சைபர்.

ஸ்கோப் 3 கேள்விக்கு, வெளிய வாங்குற ஐஸ் பார், வாடகை லாரி, நண்டு வலை போடுற வல்லத்து டீசல் எல்லாம் வரும். எத்தன வல்லக்காரங்ககிட்ட இருந்து ஏஜெண்ட் மூலமா வாங்குறீங்க, யாரு எவ்வளவு எரிச்சாங்கன்னு உங்களுக்கு எப்படி தெரியும்? "அளக்கல, ஐஸ் எத்தன டன் வாங்குனோங்குற பில் மட்டும் இருக்கு"ன்னு எழுதுங்க. செபி படிவத்துலயே ஸ்கோப் 3 கட்டாய கேள்வி இல்ல, கூடுதல் கேள்வில தான் வருது, அவங்களுக்கே கட்டாயமில்லாதத நீங்க கற்பனை பண்ணி நெரப்ப வேணாம்.

இப்ப அப்பாவோட நோட்டீஸ். அப்பா கோவிச்சுக்கக் கூடாது, ஆனா இது தான் அந்த 112 கேள்வில ரொம்ப முக்கியமானது. பெரிய கம்பெனி ரிப்போர்ட்லயே தண்ணி சட்டம், காத்து சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு சட்டம் எல்லாத்தையும் கடைப்பிடிக்கிறீங்களா, இல்லன்னா எதுல தவறுனீங்கன்னு ஒரு கேள்வி உண்டு, அதுக்கு தான் உங்ககிட்ட கேக்குறாங்க. உங்க கடுதாசில இருந்து எனக்கு புரிஞ்சது, நண்டு ஓடும் அவிச்ச தண்ணியும் பின்னாடி ஓடைக்கு போச்சுன்னு நோட்டீஸ், அப்பா தொட்டி கட்டி, ஓட்ட கோழித்தீவனக்காரருக்கு குடுக்க ஏற்பாடு பண்ணி, பதிலும் குடுத்துட்டாரு. அப்புறம் என்ன வெக்கம்? "ஆமா வந்துச்சு, இந்த தேதி, இந்த காரணம், இத பண்ணோம், இந்த தேதில பதில் குடுத்தோம்"னு நாலு வரி. "இல்ல"ன்னு எழுதினா அது வேற கதை, பொல்யூஷன் போர்டு ஃபைல்ல இருக்குறத யாரு வேணும்னாலும் தகவல் அறியும் சட்டத்துல மனு போட்டு கேக்கலாம். அதோட உங்க கன்சென்ட், அதாவது கம்பெனி நடத்த பொல்யூஷன் போர்டு குடுக்குற அனுமதி, அத புதுப்பிச்ச தேதியையும் ஒருக்கா பாருங்க, கார்பன் கணக்கு அழகா போட்டுட்டு கன்சென்ட் காலாவதி ஆனவங்கள நான் பாத்துருக்கேன், கோவணம் இல்லாதவன் தலப்பாக்கு கஞ்சி போட்ட மாதிரி.

கன்சல்டன்ட் அனுப்புன மாதிரி பாலிசிய நீங்க எனக்கு அனுப்புனீங்க. படிச்சு சிரிச்சுட்டேன், ஆபத்து பட்டியல்ல நிலச்சரிவுன்னு போட்டுருக்கு! மண்டபத்துல எந்த மலை சரியப் போவுது? எங்கயோ நீலகிரி தேயிலை கம்பெனிக்கு எழுதுனத பேர் மாத்தி குடுத்துருக்காங்க. சிரிக்க முடியாதது என்னன்னா அந்த போர்டு தீர்மானம், தேதி 2023 ஏப்ரல்னு போட்டுருக்கு. நடக்காத மீட்டிங்குக்கு முன்தேதி போட்டு மினிட்ஸ் புக்குல ஒட்டுறது விளையாட்டு இல்லமா, கம்பெனி சட்டம் 118 ஆவது பிரிவுல மினிட்ஸ்ல கைவரிசை காட்டுனா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அந்த 1,20,000த்துல ரெண்டு ப்ரீசரோட பைப்ப மாத்துங்க, கசிவும் நிக்கும், கணக்கும் குறையும்.

போர்டுன்னா உங்க வீட்டுல அப்பாவும் அம்மாவும் தானே, இந்த வாரமே முறையா நோட்டீஸ் குடுங்க, அப்புறம் உக்காந்து, உக்காந்த நாள் தேதியையே போட்டு, யாரு மாசாமாசம் இ.பி., டீசல், கேஸ் பில்ல எழுதி வைக்கிறது, யாரு பாக்குறதுன்னு அரை பக்கம் தீர்மானம். உங்க அம்மா தான் டீசல் சாவி வச்சிருக்காங்கன்னா அவங்க பேர போடுங்க, அது தான் நிர்வாகம். பிரைவேட் கம்பெனி டைரக்டருக்கும் 166 ஆவது பிரிவுல சுற்றுச்சூழல பாதுகாக்குற கடமை எழுதியிருக்கு, மீறுனா 1 லட்சத்துல இருந்து 5 லட்சம் வரைக்கும் அபராதம்னும் இருக்கு, அப்பாவுக்கு என்ன வரும்னு கேட்டீங்கள்ல, அதுக்காக சொல்றேன். ஆனா ஒழுங்கா பாத்தோம்னு காட்ட அந்த அரை பக்கம் உதவும்.

ஆபத்து கேள்விக்கு பதில் எழுத உங்களுக்கு எந்த கன்சல்டன்டும் வேணாம், ஏஜெண்ட் அண்ணன கூப்புட்டு பக்கத்துல உக்கார வச்சு எழுதுங்க. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போன கதை உங்க தாத்தா சொல்லியிருப்பாரு. 2024 நவம்பர் 20 ஆம் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அன்னிக்கு உங்க கம்பெனிக்குள்ள தண்ணி வந்துச்சா, கரண்ட் எத்தன மணி நேரம் இல்ல, எத்தன கிலோ சதை கெட்டுச்சு, எத்தன பொம்பளைங்க வேலைக்கு வர முடியல? அது தான் க்ளைமேட் ஆபத்து, அதுக்கு உங்ககிட்ட ரிஜிஸ்டரே இருக்கு. புயல் எச்சரிக்கையில கடலுக்கு போகாத நாள் எத்தனன்னு ஏஜெண்ட் சொல்லுவாரு, ஆனா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு தடைக்காலத்த இதுல சேக்காதீங்க, அது மீன் குஞ்சு பொரிக்குறதுக்காக போட்டது, க்ளைமேட் கணக்குல வராது. ஜெனரேட்டர் தரையில இருந்து எத்தன அடி உசரத்துல நிக்குதுன்னு கூட எழுதலாம், தரையோட தரையா இருந்தா மேடை கட்டப் போறோம்னு எழுதுங்க, கட்டவும் செய்ங்க.

கடைசி பக்கம் அப்படியே கையெழுத்து போட வேணாம். "எங்ககிட்ட உள்ள பில், ரிஜிஸ்டர்படி, எங்களுக்கு தெரிஞ்ச வரைக்கும் உண்மை, அளக்கலன்னு குறிச்சத அளக்கல"ன்னு மாத்தி எழுதுங்க. எல்லா நஷ்டத்துக்கும் பொறுப்புங்குற வரிய அடிங்க, ஒத்துக்கலன்னா வேணும்னே பொய் சொல்லியிருந்தா மட்டும், அதுவும் இந்த ஆர்டர் மதிப்பு வரைக்கும்னு ஒரு எல்லை கேளுங்க. பெரிய கம்பெனி ஒத்துக்குமான்னு நினைப்பீங்க, நான் எழுதி குடுத்ததுல பாதி பேருக்கு ஒரு போன்ல ஒத்துக்கிட்டாங்க, அந்த வரிய போட்டவரே அத படிச்சிருக்க மாட்டாரு. போன்ல பேசுற கையோட இன்னொன்னும் கேட்டுருங்க, 112 கேள்வி கேட்டாங்களே, அதுல சரக்கு எடுத்த காசு 45 நாள்ல குடுக்குறோமான்னு ஒரு கேள்வி இருக்கான்னு. நீங்க உத்யம்ல, அதாவது சிறு தொழிலுக்கான அரசு பதிவுல, பதிவு பண்ண சின்ன யூனிட்னா அது அவங்க மேல உள்ள சட்டம், 2006ல இருந்து.

20 ஆம் தேதிக்குள்ள முடியலன்னா இ.பி., டீசல், நோட்டீஸ் மூணையும் முதல்ல அனுப்பிட்டு மிச்சத்துக்கு பத்து நாள் கேளுங்க. நோட்டீஸுக்கு அப்பா குடுத்த பதிலோட அக்னாலெட்ஜ்மெண்ட் சீல் போட்ட காப்பி வீட்டுல எங்க இருக்குன்னு இன்னிக்கே தேடுங்க, கிடைக்கலன்னா எனக்கு சொல்லுங்க, பொல்யூஷன் போர்டு ஜில்லா ஆபீஸுக்கு காப்பி கேட்டு ஒரு மனு எழுதி தர்றேன்.